கீழ்வளைவு இலை

துஞ்சா என்று அந்த ஆற்றுக்குப் பெயர்.
பல்கேரிய நாவில் அதற்கு வேறு பொருள் இருக்கலாம்;
எனக்கு அது உறங்காத ஆறு.
ஏப்ரலில் கரை மீறி
ஓக் மரக் காட்டுக்குள் புகுந்து
நின்றபடியே விழித்திருக்கும்.

அந்தத் தண்ணீரில்தான்
வெள்ளை மணிகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு
இதழ் நுனிக்கொரு பச்சைப் பொட்டு வைத்து
நிற்கிறது கோக்கிச்சே.
கிழங்கு சேற்றுக்குள். அதைத் தொடக் கூடாது.
இலையை மட்டும் அரிவாளால் அறுத்து
சாக்கில் திணித்துத் துறைக்குச் சுமந்து வந்தால்
ஸ்தோயன்கா எடை போடுவாள்.
ஈரம் வடியட்டும் என்று காத்திருப்பாள்.
தண்ணீருக்குக் காசு கிடையாது என்று
தினமும் ஒருமுறை சொல்லி
தினமும் கொஞ்சம் தண்ணீருக்கும் காசு எழுதுவாள்.

லாரியில் ஏறும் இலை
சோஃபியாவில் ஒரு குப்பிக்குள் வெள்ளைப் பொடியாகும்.
கேலன்டமின்.
துவண்டுபோன காலுக்கு
‘எழு’ என்று நரம்பு அனுப்பும் சொல்லை
வழியிலேயே தின்றுவிடும் ஒன்று
நம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது.
அதன் வாயை இது சற்று நேரம் பொத்திப் பிடிக்கும்.
சொல் போய்ச் சேரும்.

செடிக்கு இதெல்லாம் தெரியாது.
அது புழுவுக்காகக் காய்ச்சியது,
எலிப் பல்லுக்காகக் காய்ச்சியது.
மருந்து என்பது நாம் வைத்த பெயர்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டும்:
அந்த ஆண்டு, எண்பத்தைந்து,
பேரேட்டில் பாதிப் பெயர்கள் புதியவை.
குளிர்காலத்தில் அதிகாரிகள் வந்து
துருக்கியப் பெயர்களை வாங்கிக்கொண்டு
பட்டியலிலிருந்து வேறு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
நெஃபிசே இப்போது நெவ்யானா.
“நெவ்யானா!” என்று ஸ்தோயன்கா கூப்பிட்டால்
அவள் திரும்புவதில்லை.
பக்கத்தில் நிற்பவள் விலாவில் இடிப்பாள்.

மே மாதம் ஆலையிலிருந்து
வேதியியலாளர் கிரூமொவ் வந்தார்.
புது ரப்பர் பூட்ஸ், அடியில் விலைச்சீட்டு கிழியாமல்.
சதவீதம் விழுந்துவிட்டது என்றார்.
யாரோ கீழ்வளைவு இலையைக் கலக்கிறார்கள்.

மேல்வளைவிலும் அதே பூ, கீழ்வளைவிலும் அதே பூ.
நடுவே நாலு கிலோமீட்டர்.
மேலே இருப்பதில் கேலன்டமின்.
கீழே இருப்பதில் லைகோரின்,
குடலைப் புரட்டுவது.
பிரித்துவிடலாம், ஆனால் செலவு என்றார்.
ஒரே தண்ணீர் குடித்தது ஏன் இப்படி
என்று கேட்டாள் ஸ்தோயன்கா.
அவர் தோளைக் குலுக்கினார்.
இரண்டு இலைகளை மேசைமேல் வைத்து
எது எது, காட்டுங்கள் என்றாள்.
அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
மறுபடி கழற்றி,
கண்ணால் முடியாது என்றார்.

முடியும்.
கீழ்வளைவுச் சேறு கறுப்பு; எண்ணெய்போல் மினுங்கும்.
நெஃபிசேயின் காலணி விளிம்பில்
மூன்று வாரமாக அது இருக்கிறது.
மேல்வளைவு கூட்டுறவு ஆட்களுக்கு ஒதுக்கியது.
அவள் ஊர்க்காரர்கள் அங்கே இறங்கலாம்,
மற்றவர்கள் அறுத்து முடித்து
மிச்சம் ஏதும் இருந்தால்.

“இந்த இடத்தைக் கழுவி எத்தனை நாளாச்சு”
என்று எழுந்த ஸ்தோயன்கா
ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள்.
எல்லார் காலும் நனைந்தது.
கிரூமொவின் பூட்ஸும்.

அன்று மாலை
பதினெட்டரைக் கிலோவுக்கு எதிரே
நெஃபிசே என்று எழுதினாள்.
கேட்டால் கைப்பழக்கம் என்று சொல்லியிருப்பாள்.
யாரும் கேட்கவில்லை.

ஜூனில் யாம்போலிலிருந்து உறை திரும்பி வந்தது.
இந்தப் பெயரில் எவரும் இல்லை என்று முத்திரை.
உள்ளே நாலு லேவா, கொஞ்சம் சில்லறை.

உறையை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு
கீழ்வளைவுக்கு நடந்தாள்.
பூ முடிந்து காய் தலைகவிழ்ந்திருந்தது.
கொசு.
வற்றிய தண்ணீரில் மரங்களுக்கு இடுப்புவரை கோடு.
பேரேட்டில் எழுதிய பெயரைச் சொல்லி
ஒருமுறைதான் கூப்பிட்டாள்.

நாணலுக்குள் குனிந்திருந்த ஒரு முதுகு
நிமிர்ந்தது.